ஆறு மணிக்கு அக்கா வருவாள்

அக்காவுக்குத் தொண்டையில் புற்று. அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஓயாமல் பேசுகிறவள் அவள்தான். என் கல்யாணப் பந்தியை மைக் இல்லாமல் ஒற்றை ஆளாக நடத்தியவள். அவளிடம் போயா அதை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் இருந்தது சேலத்தில். நான் மலைமேல், வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "இந்தக் கோலத்துல என்னையப் பாக்க வேண்டாம் சாமி, கொஞ்சம் தேறிக்கறேன்" என்று போனில் எழுதி அனுப்பினாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பேச முடியாது. எழுதச் சொன்னால் 'நல்லா இருக்கேன்' என்பதைத் தாண்டமாட்டாள். இதைப் பார்த்த அவள் மகள், டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி இரண்டு வாங்கினாள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. அவளே மேலே வந்து என் வீட்டு ரூட்டரில் ஏதேதோ எழுதி, இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து கல் உடைத்து, மரம் வெட்டி, வீடு கட்டுகிற விளையாட்டு. ஐம்பது வயதுக்கு மேல் இது என்ன கூத்து என்று முனகிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

ஒரே வாரத்தில் அதுவே எங்கள் பேச்சாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வருவாள். ஒரு குதி குதித்தால் சரி, இரண்டு குதி குதித்தால் வேண்டாம். நான் கோணலாகக் கல் வைத்தால் மண்வெட்டியால் என் மண்டையில் ஒரு போடு. "அண்ணிக்குக் குரல்தாங்க போச்சு, வாய் போகல" என்று என் மனைவி சிரிப்பாள். மலை உச்சியில் எங்கள் வீடு எழும்பியது. அந்த விளையாட்டில் அவரவருக்கு ஒரு கட்டில் செய்து போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவன் பள்ளத்தில் விழுந்து செத்தால் எங்கோ கடற்கரையில் போய் முளைத்து, அங்கிருந்து நடந்தே வர வேண்டும். எனக்குச் சோம்பல், செய்யவில்லை. நான் நடந்து ஏறி வரும்வரை அக்கா வாசலில் நின்று விடாமல் குதித்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பெயர் திட்டு.

கோடை மழை தொடங்கியது. எங்கள் மலையில் முதல் இடி உறுமியதுமே எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். போன கோடையில் பக்கத்து வீட்டு டிவி கருகிய பிறகு என் மனைவி டிவி, ரூட்டர், கேம் பெட்டி என்று ஒன்றையும் விடுவதில்லை. ஒருநாள் மத்தியானம் நல்ல இடி. சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தால் நெட் வருகிறது, மனைவியின் போனில் சீரியல் ஓடுகிறது, கேம் பெட்டி மட்டும் அக்காவோடு சேர முடியவில்லை என்கிறது.

அக்கா மகளுக்குப் போன் செய்தேன். ரூட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். விளையாட்டுக்காக வெளியிலிருந்து வருவதையெல்லாம் கேம் பெட்டியின் நம்பருக்கு அனுப்பச் சொல்லி அவள் எழுதி வைத்திருந்தாளாம். "அந்த நம்பர் சரியா இருக்குதான்னு பாருங்க மாமா" என்றாள். போனில் ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவள் எழுதிய நான்கு அப்படியே இருந்தது. "நாலுதான் கண்ணு. எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்று எரிந்து விழுந்தேன். கேம் பெட்டிக்கு இப்போது என்ன நம்பர் என்று பெட்டியின் செட்டிங்கில் போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை. எஸ்டேட்டில் ஒரு ஆளுக்குச் செக்ரோல் என்கிற கூலிக் கணக்கு நோட்டில் நம்பர் கொடுத்தால் வேலையை விட்டு நிற்கும்வரை அதே நம்பர்தான். முப்பது வருடம் அந்த நோட்டில் எழுதிய கை. நம்பர் மாறும் என்று எப்படித் தோன்றும்?

ஒண்டிக்கடை முக்கிலிருந்து வருகிற நெட் லைன்காரரைக் கூப்பிட்டேன். "லைன்ல கோளாறு ஒண்ணுமே இல்லீங்க" என்றார். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் ரோஷக்காரர், அப்புறம் என் போனையே எடுக்கவில்லை. நான் தினமும் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து 'வர்றியா?' என்று வரும். 'நாளைக்குச் சரியாயிடும்' என்று எழுதுவேன்.

"ஏனுங்க, ஒரு எட்டு நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்" என்றாள் மனைவி.

"அவதான் வர வேண்டாம்னு சொல்லியிருக்கறாளே. மொதல்ல இதச் சரி பண்றேன்."

உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயம். குரலில்லாத அக்காவை, கழுத்தில் துளையோடு எதிரில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. விளையாட்டில் இருந்தவள் பழைய அக்கா.

பன்னிரண்டாம் நாள் லைன்காரர் கோபம் ஆறி வந்தார். கேம் பெட்டியின் செட்டிங்கைத்தான் முதலில் திறந்தார்.

"ஏனுங்க, இடி இடிச்சாப் பிளக்கைப் புடுங்குவீங்களா?"

"புடுங்காம?"

"எங்கூட்லயும் புடுங்கறதுதானுங்க. திரும்ப மாட்டறப்ப எது மொதல்ல வருதோ அதுக்கு மொத நம்பரக் குடுத்துரும். இப்ப நாலு உங்கூட்டம்மா போனுக்குப் போயிருச்சு. பொட்டி ஏழுல கெடக்குது."

பன்னிரண்டு நாளாக அக்காவின் உலகத்திலிருந்து வந்ததெல்லாம் என் மனைவியின் போன் வாசலில் வந்து நின்று திரும்பிப் போயிருக்கிறது. கேம் பெட்டிக்கு இனி எப்போதும் நான்குதான் என்று அவர் எழுதிவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். அக்கா வரவில்லை. ஏழு மணிக்கு அவள் மகள் போன் செய்தாள். மத்தியானமே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ராத்திரி மலையிலிருந்து இறங்கப் பஸ் இல்லை. விடிகாலையில் அக்கா போய்விட்டாள். முதல் பஸ்ஸில் இறங்கினேன். முகம் அப்படியேதான் இருந்தது. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். இதற்கா பயந்தேன் என்று வாய்விட்டு அழுதேன்.

காரியம் முடிந்து நான் மலையேறிய மறுநாள் அக்கா மகள் போன் செய்தாள். "பொட்டியப் போடுங்க மாமா. அம்மா பேர்ல நான் வர்றேன்." உடனே சேர்ந்தது, ஒரு தடங்கலும் இல்லை. கடைசியாக விளையாடியபோது நான் பள்ளத்தில் விழுந்திருந்ததால் கடற்கரையிலிருந்து நடந்தேன். வாசலில் அக்காவின் உருவம் நின்றது, குதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது.

வீட்டுக்குக் கூரை போட்டு முடித்திருந்தது. உள்ளே இரண்டு கட்டில்.

"கடைசி வாரம் பூராவும் தெனம் கொஞ்சம் கொஞ்சமா அதத்தான் பண்ணிட்டு இருந்தாங்க மாமா" என்றாள் போனில். "எதுக்கும்மா இதுன்னு கேட்டேன். 'உங்க மாமனுக்கு நடக்க நொம்பத் தூரம்'னு எழுதிக் காட்டுனாங்க."

சேலத்துக்கு எங்கள் ஊரிலிருந்து காலையிலிருந்தே பஸ் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் இருந்தது.