கூனி போட்ட சம்பல்

துறைமுகத்தடிக் கடையில் இடியப்பத்தோடு சம்பல் வந்தது. வாயருகே கொண்டுபோனதும் காய்ந்த கூனி இறாலின் வாசம் அடித்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் சல்லிக் கிராமத்தில் சின்ன வயதில், பக்கத்து வீட்டு மாமி ஊட்டிய கூனிச் சம்பலால் எனக்கு உதடு வீங்கி மூச்சு அடைத்தது. "கொஞ்சம்தானே போட்டனான்" என்று மாமி அழுதாள். அந்தக் கூனி அப்பாவின் வலையில் பட்டதுதான். அவர் என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். "மூச்சை விடடா, விட்டுக்கொண்டே இரு" என்று வழியெல்லாம் கத்தினார். அவருடைய நெஞ்சு என் முதுகில் நடுங்கியது.

"அண்ணை, இதுக்குள்ள கூனி இருக்கோ?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஓம், வாசத்துக்குக் கொஞ்சம்தான்."

"எனக்கு ஏலாது. வேற தட்டில, வேற கரண்டியால பருப்பு தாங்கோ."

"என்ன, விரதமோ?" என்று சிரித்தார்.

பருப்பு வரும்வரை மூச்சை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.