சித்தி வீட்டு டேப்ரிக்கார்டரில் ஒரு சிவப்பு அம்பு

உங்க சித்தி வீட்டு டேப்ரிக்கார்டரில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறதே, அதைச் சுரண்டப் போய்த்தானே போன வாரம் அம்மாவிடம் திட்டு வாங்கினீர்கள். அது அங்கே வந்த கதையை எழுதி வைக்கிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அம்மாவைப் பெற்ற உங்க அப்புச்சி தன் இரண்டு பெண்களுக்கும் கல்யாணத்துக்கு ஒரே கடையில் ஒரே மாதிரி டேப்ரிக்கார்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். எங்களுடையதில் ஒரு நாள் பாட்டோடு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகலும் சேர்ந்துகொண்டது. திறந்தால், உள்ளே கெபாசிட்டர் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. கெபாசிட்டர் என்றால் கரண்டைப் பிடித்து வைத்துச் சீராக விடுகிற சின்ன டப்பி. தண்ணித் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர் என்பதால் ஸ்க்ரூடிரைவர் மட்டும் நன்றாகப் பிடிப்பேன்.

பழையது நீலம். கோயமுத்தூரில் கிடைத்தது கறுப்பு. மாற்றி, ஈயத்தால் பற்ற வைத்தேன், முனகல் போய்விட்டது. உங்க அம்மா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் அப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். ஒப்புதல் வாங்கின சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பனியனாகப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பை ஒட்டுவாள்.

“ஏனுங்க, இது பழைய சத்தமில்லீங்க. நீலத்த எடுத்துட்டுக் கறுப்பப் போட்டா ஷேடு மாறாதுங்களா?”

“சத்தத்துக்கு ஏது புள்ள ஷேடு?”

“எங்கப்பா குடுத்ததக் கெடுத்துப் போட்டீங்க. இனி இந்த ஊட்டுல ஒன்னையும் கழட்டப்படாது.”

ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். அப்புறம் கடிகாரம் நின்றது, இஸ்திரிப் பெட்டி செத்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எப்படியாவது ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பதே எனக்கு யோசனை.

“சாம்பிள் இல்லாம எப்படிப் புள்ள ரிஜெக்ட் பண்ணுவ?” என்றேன் ஒரு நாள். யாரும் கழட்டாத தங்கச்சி பெட்டிதான் சாம்பிள் என்று சித்திக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி தன் டேப்ரிக்கார்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வெள்ளகோவிலிலிருந்து அப்புச்சியும் வந்தார். காதால் மட்டும் கேட்டு, நான் கழட்டின பெட்டி எது என்று அம்மா சொல்லிவிட்டால் ஸ்க்ரூடிரைவர் அரிசிக்குள்ளேயே கிடக்கும் என்று பேச்சு.

அப்புச்சி இரண்டையும் உள்ளே தூக்கிப்போய், திரையை இழுத்துவிட்டு, ஒரே முருகன் பாட்டு கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டார். “ஒன்னு”, “ரெண்டு” என்று குரல் மட்டும் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாள் முழுக்க மெஷினோடு நிற்கிற காது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, துணியைப் புரட்டுகிற மாதிரி காற்றைப் புரட்டிப் புரட்டிக் கேட்டாள். ஏழு தடவை.

“ரெண்டாவதுதானுங்க. பாட்டுக்குள்ளாற நீடில் லைன் ஓடுது.” ஊசி கெட்டால் துணியில் நெடுகக் கோடு விழும், அதைச் சொன்னாள்.

“நல்லாக் கேட்டியா கண்ணு?” என்றார் அப்புச்சி.

“நாலு வருஷமாச் செக்கிங்ல இருக்கறனுங்கப்பா.” உள்ளே போய் இரண்டாவது பெட்டியின் நெற்றியில் அம்பை ஒட்டிவிட்டு வந்தாள்.

“தொறந்து பாத்துரலாம்” என்றேன். திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டுமே. அம்மாவே முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்.

மூடியைக் கழற்றினால், உள்ளே பஞ்சுத் தூசி தலையணை மாதிரி. ஊதிவிட்டுப் பார்த்தேன். இரண்டும் நீலம், லேசாக உப்பத் தொடங்கியிருந்தன.

“அக்கா, அது என்றதுக்கா” என்று சித்தி தன் பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “அப்பச் சாம்பிளே தப்புங்க.”

“என்ற பெட்டி ரிஜெக்ட்டா?” சித்தி மூக்கை உறிஞ்சினாள். “மாமா, எனக்கும் கறுப்பே போட்டுக் குடுங்க.”

அம்மா என்னிடம் கையை நீட்டினாள். “குடுங்க, உள்ள வெக்கோணும்.”

“மாப்ள கையிலயே இருக்கட்டும் கண்ணு” என்றார் அப்புச்சி. “என்ற ஊட்டு ரேடியோவும் ஒரு மாசமாக் கொரகொரங்குது.”

சித்தி பெட்டிக்கும் கறுப்பு போட்டுக் கொடுத்தேன். அம்பை மட்டும் அம்மா எடுக்க விடவில்லை. செக்கர் ஒட்டினதைச் செக்கர்தான் மறுபடி பார்த்து எடுக்க வேண்டுமாம். அவளுக்கு இன்னும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.