நதியா பதில் சொல்லாத கேள்வி

வாசிப்புத் திறன் மதிப்பீட்டுக்காக வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளை ஒரு பத்தியைப் படிக்க வேண்டும், பிறகு கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்தும் புரியவில்லை என்று முடிவானால், அடிப்படைப் பிரிவுக்குப் போய் மறுபடி எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

என் வகுப்பு நதியா தடங்கல் இல்லாமல் படித்தாள். மழை நாளில் வேலைக்குப் போன அப்பாவுக்காக ஒரு பையன் காத்திருக்கும் கதை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் கதவைத் திறக்க ஓடுகிறான்.

"அப்பா வந்துட்டார்னு அவனுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று மேடம் கேட்டார்.

நதியா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கேள்விக்கும் பதில் இல்லை.

"நல்லா படிக்குது டீச்சர். ஆனா ஒண்ணும் புரியல போலிருக்குது" என்றபடி மேடம் பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம், தண்ணி குடிச்சிட்டு வரட்டும்" என்று அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு பைக்கில் போன அவளுடைய அப்பா விபத்தில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"கதை புரியலையாம்மா?"

"புரிஞ்சிது டீச்சர். செருப்பு சத்தம் கேட்டுதுல்ல, அத வெச்சுதான் அவன் கண்டுபுட்ச்சான்."

"அப்போ ஏன் சொல்லல?"

"படிக்கறத மனசுல படமா பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. பாத்துக்கினே படிச்சேன். எங்கப்பா வந்துட்டாரு டீச்சர். பேசுனா அழுதுடுவேன்."

படித்ததை மனதில் படமாகப் பார்ப்பது, நடுவில் நிறுத்தி அடுத்து என்ன நடக்கும் என்று யோசிப்பது, சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வது: ஆண்டு முழுக்க நான் பழக்கியவை. அவள் அதைச் சரியாகவே செய்திருந்தாள். அவளைத் தண்ணீர்க் குழாயருகே நிறுத்திவிட்டு உள்ளே போய் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? குடுத்த பத்தியிலேர்ந்துதான நான் கேக்க முடியும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு அவரே பையிலிருந்து வேறொரு பத்தியை எடுத்தார். ஏரியில் தண்ணீர் வற்றியதும் இடம் மாறும் கொக்குகளைப் பற்றியது. நதியா அதைப் படித்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். "கொக்குங்க மறுபடி வருமா?" என்று மேடம் கேட்டபோது, "மழை பேஞ்சா வரும். ஆனா கதையில அத எழுதலையே மேடம்" என்றாள்.

அவள் தன் பிரிவிலேயே இருந்தாள். பிறகு அப்பாவைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், யார் படிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். பல நாள் அவள் கை தூக்கவில்லை. நான் கட்டாயப்படுத்தவும் இல்லை.

இப்போது வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். புரியாத பிள்ளையும் பேசாமல் இருக்கும். நன்றாகப் புரிந்த பிள்ளையும் சில நேரம் பேசாமல் இருக்கும். மதிப்பெண் தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பூஜ்யம் போடும் முன் அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்து ஒரு தடவை கேளுங்கள்.