மயக்கம் கொடுக்காமல் ஸ்டென்ட் மாற்றிய நாட்கள்

மற்ற டாக்டர்கள் நோயாளியைக் குணப்படுத்தி வழியனுப்பிவிடுவார்கள். ஸ்டென்ட் மாற்றுகிறவனுக்கோ மூன்று மாதத்துக்கொரு முறை அதே முகங்கள் திரும்பி வரும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் வழி அடைத்துக்கொண்டால் உள்ளே வைக்கிற மெல்லிய குழல்தான் ஸ்டென்ட். காலைத் தூக்கிவைத்து அந்த மேஜையில் ஒருமுறை படுத்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து மொரீஷியஸுக்கு நான் வேலைக்கு வந்தது எண்பதுகளில்.

மூன்று நாள் லீவு

பார்வதி, ரிவியேர் டு ராம்பார் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் வழி சுருங்கிப்போயிருந்தது. ஸ்டென்ட் மாற்ற ஒவ்வொரு முறையும் முழு மயக்கம், மூன்று நாள் ஆஸ்பத்திரி. “இன்னொரு தடவை லீவு போட்டால் என் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், தொக்தேர்” என்று அந்த ஊர்க் கிரியோல் மொழியில் அழுதார். அவர்களுக்கு டாக்டர் என்றால் ‘தொக்தேர்’.

பெண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதை குட்டையானது. அதுதான் எனக்குத் தைரியம். மரத்துப்போகும் ஜெல்லி போட்டு, பழைய குழலின் கீழ்நுனியை மட்டும் வெளியே இழுத்தேன். அதனுள்ளே ஒரு மெல்லிய கம்பியைச் சிறுநீரகம்வரை செலுத்தி, கம்பியை அங்கேயே விட்டுப் பழையதை உருவினேன். அதே கம்பிமேல் புதியதை ஏற்றினேன். இருபது நிமிஷம். எக்ஸ்ரே திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த பார்வதி சொன்னார்: “நாங்களும் இடுப்புப் பட்டியில் பழைய எலாஸ்டிக்கை முழுசாக உருவிவிட்டுப் புதியதற்கு வழி தேட மாட்டோம், தொக்தேர்!”

இரண்டு அங்குலம் அதிகம்

தொடர்ந்து பலருக்குச் சரியாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். லாங் மவுண்டனிலிருந்து வந்த தமிழாசிரியை ஒருவருக்குத் திரையைப் பார்க்காமலே இரண்டு அங்குலம் அதிகமாக இழுத்துவிட்டேன். மேல்நுனியும் நழுவி வந்துவிட்டது. வழி தொலைந்தது. முதுகுப்பக்கம் துளை போட்டுத்தான் புதியதை வைக்க முடிந்தது. மறுநாள் அவர் கட்டில் அருகே உட்கார்ந்து, “தப்பு என்னுடையது” என்றேன். அவர் வகுப்பில் பேசுவதுபோல் நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார்: “ஒப்புக்கொண்டீர்கள். அடுத்த முறையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். திரையைப் பார்த்து.”

கம்பி நுழையவில்லை

பெல் ஒம்ப்ர் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் ஒருவர், சீசன் நேரத்தில் லீவு கிடைக்காமல் ஏழு மாதம் கழித்து வந்தார். அவருக்கு வேலை செய்தது ஒரே சிறுநீரகம். குழலுக்குள் உப்புப் படிந்து கம்பி நுழையவில்லை. அப்படியே உருவினால் வழி போய்விடும். என் நர்ஸ் சிஸ்டர் திரேஸ் அருகில் நின்று இன்னொரு கம்பியை எடுத்துக் கொடுத்தார். பழைய குழலை அசைக்காமல், அதன் பக்கவாட்டில் அந்தக் கம்பியை இம்மி இம்மியாக ஏற்றினேன். அது சிறுநீரகத்தில் போய்ச் சுருண்டதைத் திரையில் பார்த்த பிறகுதான் பழையதைத் தொட்டேன். புதிய குழல் வழியாகச் சிறுநீர் சொட்டியதும் திரேஸ் சொன்னார்: “உங்கள் முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன், தொக்தேர், கை நடுங்கவில்லை.”

என்னைப் பார்க்க வர அந்தப் பெண்கள் யாருக்கும் ஆசையில்லை, ஆனால் வேறு டாக்டர் தொடக் கூடாது என்று அத்தனை பேரும் அடம்பிடித்தார்கள்.