ஒருநாள் வெள்ளை

திருப்பரங்குன்றத்தில் பல் செட் செய்கிறவர் ஒருவரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். வேலை என்றால் வாயைத் திறந்து காட்டுவதுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியாக மேலூர் கல் குவாரியில் கிடந்தவன் நான். போர்வெல் தண்ணீராலோ பீடியாலோ பல்லெல்லாம் பழுப்பு. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

டாக்டரிடம் போய்ப் பல்லுக்கு உறை மாட்ட வழியில்லாதவர்கள் ஒரு விசேஷ நாளுக்கு மட்டும் பூசிக்கொள்ள வெள்ளைப் பூச்சு ஒன்று செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாத்திரைகளுக்கு மேல் பூசுகிற அரக்கைக் கரைத்து, வெள்ளைப் பொடி கலந்து, என் முன்பற்களில் தீட்டுவார். காய்ந்ததும் நான் டீ குடிக்க வேண்டும், புளிக்குழம்பு சாப்பிட வேண்டும், எலும்பு கடிக்க வேண்டும். பல நாள் அது சோற்றோடு உரிந்து வயிற்றுக்குள் போனது. பிறகு ஒரு கலவை மறுநாள் காலைவரை நின்றது.

குவாரியில் என்னோடு இருந்த ஒருவனுக்குப் பெண் அமையாமல் இருந்தது. பார்த்த வீடுகளில் எல்லாம் அவனுடைய பழுப்புப் பல்லைப் பார்த்ததும் பேச்சை முடித்துவிட்டார்கள். அடுத்து வாடிப்பட்டியில் ஒரு வீடு. பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. காலையில் அவனுக்குப் பூசிவிட்டு நானும் கூடப் போனேன்.

அவன் நன்றாகச் சிரித்தான். வெற்றிலையும் மாற்றினார்கள். சாப்பிட்டு முடித்ததும் பெண்ணின் தாய்மாமா, தாராளமாகச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து ஒரு வெற்றிலையை மடித்து அவனிடம் நீட்டினார். மறுத்தால் மரியாதையாக இருக்காது. வாங்கிப் போட்டான். கொஞ்ச நேரத்தில் பூச்சு குழைந்து, வெள்ளையும் சிவப்புமாக உதட்டோரம் வழிந்தது.

அரக்கு புளிப்பைத் தாங்கும், சுண்ணாம்பில் கரைந்துவிடும் என்று பல் செட்காரர் பிற்பாடு சொன்னார். அவர் சர்ச்சுக் குடும்பம், வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. எனக்குப் பீடியே போதும். ஆகவே இருவருக்கும் சுண்ணாம்பு நினைவுக்கு வரவில்லை.

"என்ன மாப்ள, பல்லுக்கு டிஸ்டம்பரா அடிச்சிருக்கீங்க?" என்றார் தாய்மாமா.

அவன் எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். "இதுதாங்க என் பல்லு," என்றான். பஸ் ஏறி வந்துவிட்டோம்.

சம்பந்தம் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் தாய்மாமா அவனுக்குப் போன் செய்தார். கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமாம், போட்டோவுக்கு மட்டும் அந்தப் பெயிண்ட்டைப் பூசிக்கொண்டு வரச் சொன்னார். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணும் போன் செய்து, எதையாவது பூசிக்கொண்டு வந்தால் மணவறையைவிட்டு எழுந்துவிடுவேன் என்றாளாம்.

"யாரு பேச்சண்ணே கேக்குறது?" என்றான். பல் செட்காரரைக் கேட்டால் சுண்ணாம்பைத் தாங்குகிற புதுக் கலவையைப் பற்றியே பேசினார்.

"சிரிக்காமலே தாலியக் கட்டிரவாண்ணே?" என்றான். யோசித்துப் பார்த்தேன். சரி என்றும் பட்டது, அப்புறம் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்றும் பட்டது. இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.