எங்குட்டுப் போறேன்னு கேட்காத நாடு

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதன் மாடியில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகக் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருக்கிறாள் நாகவல்லி. மாப்பிள்ளை முகத்து வியர்வையைத் துடைப்பாள். பெண்ணின் சித்தப்பா படம் எடுக்கும்போது கண்ணை மூடியிருந்தால் திறந்து வைப்பாள். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத தாய்மாமனை வேறொரு படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து மேடையில் நிறுத்துவாள். இந்த வட்டாரத்தில் பல குடும்பங்கள் ஒற்றுமையாகத் தெரிவதே அவள் கைங்கரியம்தான்.

பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஆசாரிமார் வீட்டில். கணவன் சரவணக்குமார் மாடுலர் கிச்சன் வேலை எடுத்துச் செய்கிறவன். தங்கமான மனிதன். சொல்லாமல் எங்கேயும் போக மாட்டான், சொல்லாமல் யாரையும் எங்கேயும் போகவும் விட மாட்டான்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஊரே அப்படித்தான். கழனிவாசல் வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். அதற்குள் நாலு பேராவது “எங்குட்டுப் போறீக?” என்று கேட்டுவிடுவார்கள். பதினோரு வருஷமாக ஒரே இடத்துக்குத்தான் போகிறாள் என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் புளித்துப்போயிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதம் ஸ்டூடியோ முதலாளி அழகப்பன் வீடியோ வேலைக்கென்று மதுரையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். முன்பு வைத்திருந்தவர் அதில் ஒரு விளையாட்டை அழிக்காமல் விட்டிருந்தார். ஆடியில் ஏது முகூர்த்தம்? வேலையில்லாத மத்தியானம் ஒன்றில், அது என்னதான் என்று நாகவல்லி திறந்து பார்த்தாள். திரையில் ஒரு குதிரை நின்றது. தூரத்தில் பனி மூடிய மலை. அவள் குதிரையில் ஏறி மலையை நோக்கி விரட்டினாள். வழியில் ஆறு வந்தது, நீந்தினாள். காடு வந்தது, நுழைந்தாள். இதோ இந்த இடத்தில் ஒரு சுவர் வந்து தடுக்கும், இதற்கு மேல் வெறும் சீலையில் வரைந்த படமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே போனாள். தடுக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த மலைக்கு நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள். உச்சியில் நின்று கீழே பார்த்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துபோனாள்.

அன்றிலிருந்து எங்கும் சுற்றித் திரியலாம் என்கிற மாயாஜாலக் கதை விளையாட்டு எது கைக்குச் சிக்கினாலும் விடுவதில்லை. சாப்பாட்டு நேரம் அதற்கு, ஆடி மாதம் முழுக்க அதற்கு. “பேக்கப்பு மட்டும் அழிஞ்சுறாம பாத்துக்கத்தா” என்பதோடு அழகப்பன் ஒதுங்கிக்கொண்டார்.

இந்த வருஷம் ஆடி பிறந்த நாலாம் நாள் அந்த அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி இதே மாதிரியான விளையாட்டு ஒன்றைத் தமிழில் உருவாக்கிக்கொண்டிருந்தது. பெயர் ‘நீலவரை நாடு’. விளையாடிப் பார்த்து நிறைகுறை சொல்ல ஆள் வேண்டும். மூன்று நாள் பரீட்சை, அவரவர் இடத்திலிருந்தே விளையாடலாம். ஆடுவதையெல்லாம் அவர்கள் பதிவு செய்து பார்ப்பார்கள். முடிவில் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். வேலை ஒருவருக்குத்தான்.

நாகவல்லி அதை மூன்று தடவை படித்தாள். படிப்பு, கல்யாணம், இந்த ஆல்பம் வேலை, எதையும் அவளாகக் கேட்டு வாங்கியதில்லை. எல்லாம் வந்து சேர்ந்தவை. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்றிருந்தது, வெட்கமில்லாமல் வேண்டும் என்றிருந்தது. வீட்டில் மூச்சு விடாமல் விண்ணப்பித்தாள். பரீட்சைக்கு அறுபது பேரை எடுத்திருந்தார்கள். அவளும் அதில் இருந்தாள்.

ஸ்டூடியோ மாடியில் முதல் நாள் போனதே தெரியவில்லை. நீலவரை நாட்டில் மழை பெய்தால் தரை நனைந்தது, வெயில் வந்தால் காய்ந்தது. கடத்தப்பட்ட இளவரசியை மீட்கத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். அவளோ மூலிகை பறித்தாள், மீன் பிடித்தாள், யாரோ ஒரு கிழவரின் காணாமல்போன வெள்ளாட்டைத் தேடிக்கொண்டு மூன்று மலை ஏறினாள். இளவரசி கேட்பாரற்றுச் சிறையில் கிடந்தாள். நாடே அழியப்போகிறது என்று அழுதவர்கள் நாகவல்லி வரும்வரை சாவகாசமாகக் காத்திருந்தார்கள். இந்த மாதிரி விளையாட்டுகளுக்கே உள்ள கிறுக்குத்தனம் இது. அந்தக் கிறுக்குத்தனம்தான் அவளுக்குப் பிடித்ததும்.

இரண்டாம் நாள் ஆல்பம் செய்து பழகிய அவளுடைய கண் விழித்துக்கொண்டது. ஒரே குகையைப் பெயர் மாற்றி ஒன்பது இடத்தில் வைத்திருந்தார்கள். பூசணமும் வௌவாலும்கூட அதே இடத்தில். வரைபடத்தைத் திறந்தால் அம்மை போட்ட மாதிரி மஞ்சள் புள்ளி. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நின்றுகொண்டு பத்து ஓநாய்த்தோல் கேட்டான். இத்தனை தோலை வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்காரன் என்னதான் செய்கிறான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள்தான் பெரிய கட்டம். ஒரு நகரம், தெருத்தெருவாகக் கல் வீடுகள். பார்த்ததும் குதூகலித்துப்போனாள். உயர்ந்த முகப்பு, பளபளக்கும் தூண், நடுவில் வானம் பார்த்த முற்றம், எல்லாம் நம்ம காரைக்குடிப் பக்கத்து வீடுகள். படம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அந்த நகரத்தில் தீ கக்கும் யாளி ஒன்று அவளைத் துரத்தும். அதனிடம் சிக்காமல் பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

யாளி வந்தது. நாகவல்லி ஒரு நொடி யோசிக்கவில்லை. திறந்திருந்த பெரிய வீட்டுக்குள் பாய்ந்தாள். முகப்பைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி ஓடினாள். பின்கட்டில் வெறும் சுவர். யாளி வந்து பொசுக்கியது.

கதவைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் அதே வீட்டுக்குள் ஓடினாள். மறுபடியும் சுவர். மூன்றாம் தடவை அடுத்த வீடு. அங்கேயும் சுவர். மூன்று தடவை செத்தால் பரீட்சை முடிந்தது. திரை இருண்டுபோனது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு சந்து போனது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஆத்திரத்தோடேயே அறிக்கையை எழுதினாள். பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததை இழுத்துப் போட்டும் பதினாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டு, இனி அதை நினைக்கவே கூடாது என்று முடிவு செய்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஆறு தடவை நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. சரவணக்குமார் கூடத்தில் லேமினேட் மாதிரிகளைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தான். நாகவல்லி அவனுக்கு எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீலவரை நாட்டிலிருந்து ஸ்ரீதர் பேசறேங்க, டீம் லீடர்” என்றது குரல். “ஒண்ணு கேக்கணும். அறுபது பேர்ல பலரும் சந்துலதான் ஓடுனாங்க. நீங்க மட்டும் மூணு தடவையும் வீட்டுக்குள்ள ஓடிச் செத்துட்டீங்க. ஏனுங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. “சார், அந்த மாதிரி வீடு கட்டுனா முன்வாசல் ஒரு தெருவுல இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். எங்க ஊர்ல சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். நாங்கள்லாம் அதுக்குள்ள குறுக்க விழுந்து ஓடி வளந்தவக. நீங்க முன்னாடி மட்டும் படம் எடுத்துக்கிட்டுப் போயிருக்கீக. பின்னாடி வந்து பாக்கவே இல்ல.”

அந்தப் பக்கம் ஸ்ரீதர் யாரிடமோ, “காரணம் இருக்கும்னு நான் சொன்னேன்ல” என்பது கேட்டது.

“இன்னொண்ணுங்க” என்று திரும்பி வந்தார். “எங்க போறேன்னு யாருமே கேக்கலன்னு நிறையிலயும் எழுதியிருக்கீங்க, குறையிலயும் எழுதியிருக்கீங்க. நாங்க எதை எடுத்துக்கறது?”

“ரெண்டையும் எடுத்துக்கங்க.” நாகவல்லி கத்தியைக் கீழே வைத்தாள். “மொத நாளு எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? எங்குட்டு வேணாலும் போறேன், எம்புட்டு நேரம் வேணாலும் நிக்கிறேன், ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அதுக்குத்தான் நான் இதை ஆடுறதே. ஆனா ஓநாய்கிட்ட இருந்து ஒரு பிள்ளையக் காப்பாத்திக் கொண்டாந்து விடுறேன், மறுநாள் அந்தத் தாயி என்னைய யாருன்னே தெரியாம, எம் பிள்ளையக் காணோம்ங்குது. பிள்ளை பக்கத்துல நிக்கிது சார். நான் ரெண்டு தடவை செத்துப் பொழைச்சு வாறேன், எங்க போயிருந்தன்னு கேக்க அந்த நாட்டுல ஒரு ஆள் இல்ல. அப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. போற எடத்துக்கெல்லாம் விடுங்க. ஆனா போயிட்டு வந்ததாச்சும் அவுகளுக்குத் தெரியட்டும்.”

லேமினேட் மாதிரிகளைப் புரட்டும் சத்தம் நின்றிருந்தது. சரவணக்குமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

“ஒன்பது குகையும் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சவங்களும் நீங்க ஒருத்தர்தாங்க” என்றார் ஸ்ரீதர். “வேலை உங்களுக்குத்தான். முதல் மாசம் இங்க கோயம்புத்தூர்ல தங்கியிருந்து பழகிக்கணும், அப்புறம் வீட்டிலிருந்தே செய்யலாம். அவசரமில்லீங்க, வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க.”

நாகவல்லிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. எதிரே இருந்தவனை அவள் பார்க்கவில்லை.

“என்னைக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க சார்.”

போனை வைத்ததும் சரவணக்குமார் மெதுவாகக் கேட்டான். “என்ன புள்ள இது? கோயம்புத்தூரா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே.”

“கேக்கலங்க” என்றாள் நாகவல்லி. சிரிப்பை அடக்க முடியவில்லை. “சொல்லிட்டுப் போறேன்.”