நாற்பத்தொரு ரீமிக்ஸ்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற நம் ஆளுக்கு, தான் ஓர் இசைமேதை என்ற எண்ணம் ஒன்பது வருடமாக உண்டு. அது வேறு யாருக்கும் தொற்றவில்லை. பழைய பாட்டிலிருந்து குரலை உருவி, வேகத்தைக் கூட்டி, அடியில் டங்கு டங்கென்று தாளம் போட்டு, 'டீஜே பேரதிர்வு' என்ற பொய்ப்பெயரில் இணையத்தில் ஏற்றுவார். அனுமதியா? ஒருமுறை கேட்கத்தான் உட்கார்ந்தார். 'ஐயா' என்று எழுதியதும், மாட்டோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்து, அத்தோடு கடிதத்தை மூடிவைத்தார்.

இப்படி நாற்பத்தொரு ரீமிக்ஸ். ஒன்றைக்கூட யாரும் கடைசிவரை கேட்டதில்லை. மைத்துனன் அரை நிமிடத்திலேயே, "சூப்பர் மாமா" என்று போனைத் திருப்பித் தந்துவிடுவான். அதுதான் அவருக்குத் தீராத ஆற்றாமை.

இந்த நிலையில், எவனோ ஒருவன் அவருடைய ரீமிக்ஸ் ஒன்றைத் தன் பெயரில் ஏற்றியிருந்தான்.

"என் பாட்டைத் திருடிட்டான்!" என்று வீட்டில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "உங்க பாட்டா? அதுல பாடுற அம்மா யாருங்க?"

"குரல் மட்டுந்தான் அவங்களுது. உழைப்பு பூரா என்னுது."

ஆத்திரத்தில் புகார்ப் படிவத்தைத் திறந்தார். 'எல்லா ஒலிகளும் உங்களுடையவையா?' என்று கேட்டது. 'ஆம்' என்று அழுத்தி, உண்மைப் பெயரையும் கடை முகவரியையும் கொடுத்தார். ஒன்பது வருடம் ஒளிந்திருந்த மனிதர் தானாகவே போய் மாட்டிக்கொண்டார். புகாரின் நகல் திருடியவனுக்குப் போனது; அவன் அதை அப்படியே அசல் பாட்டின் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தான்.

பத்தாம் நாள் நாற்பத்தொன்றும் இணையத்திலிருந்து காணாமல் போயின. கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தார், படிக்கத் தைரியமில்லை. மனைவிதான் உரக்கப் படித்தாள்.

"'ஐந்தாவது நிமிடத்தில் தாளம் முழுவதும் நிறுத்தப்பட்டு, பாடகியின் குரல் மட்டும் தனித்து ஒலிக்கிறது. ஏழாவது நிமிடத்தில் அதே குரல் மெல்லத் தேய்ந்து, பதிவு முடிகிறது...' ஐயோ, என்னங்க இது! ஜெயில்ல போட்டுருவாங்களா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தனிக்குரலுக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது; வெட்கமில்லாமல் அழுதார்.

"அந்த எடத்தை இன்னொரு தடவை படி," என்றார்.